சுரபுன்னை துளிர்ப்பதில்லை

தம்பி,

காட்டு ரேஞ்சராக மாற்றலாகி நீ ரயில் ஏறி இன்றோடு மூன்று நாள். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. "புள்ள இன்னா சீமைக்கா போய்ட்டான்? கடலோரத்துக்குத்தானே போயிருக்கான், இதுக்கா இந்தப் பேஜாரு" என்று உன் அம்மா கேலி செய்கிறாள். சேற்றுக் காட்டின் காய்ச்சலை நினைத்து நான் பயப்படுவதாக அவள் எண்ணுகிறாள். அந்தப் பயமும் இருக்கிறது. கொசுவலையை நீ பெட்டிக்குள் அடியில் வைத்ததைப் பார்த்தேன், எடுத்து மேலே வைத்துக்கொள். ஆனால் என்னை வாட்டுவது அது அல்ல. ஆம்பூர் ஸ்டேஷனில் வண்டி நகர ஆரம்பித்ததும் நீ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாயே, அதுதான். "நைனா, அந்தக் காட்டுப் பைலுல உங்க கட்டுரை இருக்குது! வெட்டினா துளிர்க்கும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அதை வச்சுத்தான் இந்த வருஷம் கடல் பக்கத்துக் கூறை வெட்டப் போறோம்." உன் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் வண்டியோடு நாலைந்து அடி ஓடினேன். பிரிவு தாங்காமல் கிழவன் ஓடுகிறான் என்று நினைத்திருப்பாய். உன்னைத் தடுக்கத்தான் ஓடினேன். மூச்சு வாங்கியது. வண்டி போய்விட்டது.

அந்தக் கட்டுரையில் நான் எழுதியது தவறு. தெரியாமல் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. எழுதிய அன்றே சரியான விஷயம் என் நோட்டில் இருந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. இதைப் படித்து முடிக்கும்வரை வெட்டுவதற்கென்று எந்த மரத்திலும் உன் முத்திரைச் சுத்தியை வைக்காதே.

ஜெர்மன் சண்டை நடந்த காலம். உனக்கு அப்போது ஆறு வயது. பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் வேண்டும் என்று சர்க்கார் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எந்தத் தோல் ஷாப்பிலும் பதனிடும் தொட்டி காலியாகக் கிடக்கவில்லை. தோலுக்குக் குறைவில்லை, பட்டைக்குத்தான் தட்டுப்பாடு. தோலைப் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும் என்பதும், அது எப்படி வருகிறது என்பதும் நம் ஊரில் பிறந்த உனக்குத் தெரியும். மலையடிவாரத்திலும் கரம்பிலும் பெண்கள் ஆவாரஞ்செடியைக் கணுக்கால் உயரத்தில் வெட்டுவார்கள், பட்டையை உரித்துக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். அடுத்த மழைக்கு அதே கட்டை துளிர்க்கும். இரண்டு வருஷத்தில் மறுபடியும் வெட்டலாம். எத்தனை தலைமுறை வெட்டியும் ஆவாரை அழியவில்லை. அதனால் நம் பக்கத்து மனிதர்களின் புத்தியில் ஒன்று ஊறிப்போய்விட்டது: பட்டை உரிக்கிற எதுவும் துளிர்க்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரும் சந்தேகப்பட்டதும் இல்லை.

சண்டைக் காலத்தில் அந்த ஆவாரையும் போதாமல் போயிற்று. ரஹீம் சாயபு அப்போது சின்ன ஷாப்பு வைத்திருந்தார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலாற்று மணலில் நடந்த அதே சாயபுதான். கடலோரக் கழிமுகத்தில் சுரபுன்னை என்று ஒரு மரம் இருக்கிறது, அதன் பட்டையில் ஆவாரையைவிடத் துவர்ப்பு ஜாஸ்தி, தோல் கொஞ்சம் சிவந்து வரும், ஆனால் ஆவாரையோடு கலந்தால் பூட்ஸுக்குப் போதும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காடு சர்க்கார் காப்புக்காடு. அதன் சட்டதிட்டங்களை நீ காகிதத்தில் படித்திருப்பாய், நான் அங்கே நேரில் கேட்டதைச் சொல்கிறேன். காட்டைக் கூறு கூறாகப் பிரித்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு கூறில்தான் வெட்டு, அதுவும் முத்திரை விழுந்த மரத்தை மட்டும். குப்பத்துக்காரர்கள் காய்ந்த விறகு ஒரு சுமை எடுக்கலாம், மீனும் நண்டும் பிடிக்கலாம், ஆடு மட்டும் உள்ளே வரக்கூடாது. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடினால் உள்ளே தேங்கிய தண்ணீர் வற்றி, உப்பு ஏறி, மரத்தின் இலை பழுக்கும். அதனால் குப்பத்து ஆட்களும் காட்டுக் காவலர்களும் சேர்ந்து மணலை வெட்டிவிட்டுக் கடல்நீரை உள்ளே விடுவார்கள். கடலைப் பார்த்திருந்த இரண்டு கூறுகளை மட்டும் எந்த வருஷமும் தொடுவதில்லை. அவற்றுக்குப் பின்னால்தான் அந்தக் குப்பம் இருந்தது. ஆனால் மரம் பருத்து, பட்டை தடித்திருந்தது அந்த இரண்டு கூறுகளில்தான். சாயபு அவற்றில் ஒன்றுக்கு மனுப் போட்டார். கொடுக்கலாமா கூடாதா என்று அதிகாரி ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான், பத்திரிகையில் எழுதுகிறவன் என்று, சாயபு என்னிடம் வந்தார். "தோஸ்து, நீ ஒரு தபா வந்து பாரு. பார்த்ததை எழுது. பொய் எழுதச் சொல்லல" என்றார். அவர் பொய் எழுதச் சொல்லவில்லை என்பதை நீ மறக்கக்கூடாது.

எங்களைத் தோணியில் கூட்டிப்போனவள் அந்தக் குப்பத்துக் காத்தாயி. இருபத்தைந்து வயது இருக்கும். கழியை ஊன்றித் தோணி தள்ளுவாள், இடையில் நிறுத்தி வேரடியில் கையை விட்டு நண்டு பிடிப்பாள். நான் தோணியின் இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து, "ஆத்துல தண்ணியே பாக்காத ஊரா உங்களுது?" என்று கேட்டாள். "ஆறு இருக்குது. மணலு ஜாஸ்தி, தண்ணி கம்மி" என்றார் சாயபு. "அப்ப ஆத்துல நடந்தே போயிடுவீங்க, தோணி எதுக்கு" என்று அவள் சிரித்தாள். "இன்னா பொண்ணு இது, நம்ம ரெண்டு பேரையும் சந்தையில வித்துடும் போலிருக்கே" என்று சாயபு என் காதில் சொன்னார். அன்று பகல் முழுவதும் இப்படிச் சிரித்துக்கொண்டே சுற்றினோம்.

ஒரு வளைவில் வெட்டுப்பட்ட பழைய கட்டை ஒன்றைக் கண்டேன். அதன் தலையில் பச்சையாக ஐந்தாறு துளிர். நான் கையை நீட்டி, "இதோ துளிர்த்திருக்குதே" என்றேன். சாயபு, "பார்த்தியா, நம்ம ஆவாரை மாதிரியேதான்" என்று சொல்லிவிட்டு, தோணி ஆட்டம் ஒத்துக்கொள்ளாமல் மறுமுனையில் போய்ப் படுத்தார். அவர் கண்ணயர்ந்த பிறகு காத்தாயி கழியை நிறுத்தினாள். "அங்க நீங்க பாத்தது வெண்கண்டலு. அது துளுக்கும். நீங்க கேக்கறது சுரபுன்னை. அதோ, காலு காலா ஊன்றி நிக்குது பாருங்க, அது. அதை ஒரு தடவை வெட்டினா செத்துச்சு. காய் விழுந்து மொளைச்சாத்தான் மறுபடி மரம்." நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும் வழக்கம் கைக்கு இருந்தது. "அப்ப வெட்டவே கூடாதுன்றியா?" என்று கேட்டேன். "உள்ளார வெட்டுங்க. கடலு பக்கம் வெட்டினா எங்க ஊட்டுக்குள்ள கடலு வரும். உங்க ஊட்டுக்கா வரப் போகுது?" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். சாயபு அப்போது தோணியின் மறுமுனையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் பேசியது அவர் காதில் விழவில்லை.

ஊருக்குத் திரும்பிக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். அவள் சொன்னதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இத்தனை வருஷத்தில் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நண்டு பிடிக்கிற பெண் விறகுக்காகக் காட்டைத் தனக்கென்று வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று எண்ணினேன். துளிர்த்த கட்டையை என் கண்ணாலேயே பார்த்தேனே என்று எண்ணினேன். இரண்டையும்விடப் பெரிய காரணம் வேறு. கட்டுரை நன்றாக வந்திருந்தது. சண்டைக்குப் பூட்ஸ், நம் ஊருக்கு வேலை, காடும் அழியாது என்று மூன்றும் ஒரு கயிற்றில் கோத்ததுபோல் நின்றன. அவள் சொன்ன இரண்டு வரியை உள்ளே வைத்தால் கயிறு அறுந்துவிடும். அதனால் எடுத்தேன். "வெட்டிய கட்டைகள் துளிர்த்திருப்பதை நேரில் கண்டோம்" என்று எழுதினேன். கண்டது ஒரே கட்டை. அதுவும் வேறு மரம். கட்டுரை அச்சில் வந்த வாரம் அந்த அதிகாரி எனக்கு எழுதினார்: உங்கள் கட்டுரையைக் கோப்பில் சேர்த்து, சாயபு கேட்ட கூறைக் கொடுத்திருக்கிறோம். நான் அந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

உனக்கு ஒன்று நினைவிருக்கலாம். அந்தப் பயணத்திலிருந்து நான் ஒரு சுரபுன்னைக் காயைக் கொண்டுவந்தேன். நீளமாக, பச்சையாக, மரத்திலேயே முளைவிட்டது. உன் அம்மா அதை முருங்கைக்காய் என்று நினைத்துக் குழம்புக்கு நறுக்கப் போனாள். நீ அழுது பிடுங்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் நட்டாய். கடல் மரமாயிற்றே என்று கைநிறைய உப்பை அள்ளிக் கரைத்து ஊற்றினாய், பக்கத்தில் இருந்த கீரைப் பாத்தி முழுவதும் கருகிற்று. காயும் பிழைக்கவில்லை. "நைனா, அதுக்கு ஆளுங்க மாதிரி காலு இருக்குதாமே, நடந்து கடலுக்கே போய்டுச்சா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க எனக்கு மனம் இருந்தது. அதற்குள் அங்கே மரம் விழ ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் புயல் வந்தது. பத்திரிகை என்னை அங்கே அனுப்பியது. நான் போன நாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. முன் வாய்க்கால் ஓரத்தில் ஒரு வரிசை மரம் பச்சையாகவே நின்றது. கரையைப் பிடித்திருக்கும் என்று அந்த ஒரு வரிசையை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் சேறு. வெறும் சேறு. கட்டைகள் கறுத்து நின்றன. குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூடத் துளிர் இல்லை. அவை புயலுக்குச் செத்தவை அல்ல, மூன்று வருஷமாகச் செத்தே நின்றவை. கோடரி வெட்டின தழும்பு அப்படியே இருந்தது. அந்த வெட்டவெளி வழியாகத்தான் கடல் குப்பத்துக்குள் போயிருந்தது. பக்கத்துக் கூறு வெட்டப்படாமல் நின்றது. அதன் பின்னால் இருந்த குடிசைகளுக்குக் கூரை மட்டும் போயிருந்தது. ஆட்கள் பிழைத்திருந்தார்கள்.

இந்தப் பக்கம் செத்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் காத்தாயியின் மாமியாரும் இளைய பெண்குழந்தையும் உண்டு. காத்தாயி இடிந்த அடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "நோட்டு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள். கையில் இருந்தது. "எழுதிக்கோங்க. குழந்தை பேரு பொன்னி" என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் அன்றே ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஒன்பது பேர் பெயரையும் தவறில்லாமல் எழுதி அனுப்பினேன். ஆனால் காட்டைப் பற்றி, "புயலில் அழிந்துபோன கூறு" என்று ஒரு வரி எழுதினேன். பிறகு சர்க்கார் காகிதத்திலும் அதே வார்த்தைகள் ஏறின. நீ வைத்திருக்கும் பைலில் அந்தக் கூறு புயலால் போனது என்று இருக்குமானால், அது என் பேனாவிலிருந்து போனது. இன்று உனக்கு மேலே இருக்கும் யாரும் சேற்றில் இறங்கிக் கட்டையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அல்ல. படகில் போனால் முன்வரிசைப் பச்சைதான் தெரியும்.

நீயும் ஏமாந்துபோவாய் என்பதுதான் என் பயம். உன் காலேஜில் தேக்கைப் பற்றியும் சந்தனத்தைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு இரண்டு வருஷம் ஜவ்வாது மலையில் இருந்தாய். அங்கே வெட்டின சந்தனத்தின் வேரிலிருந்து கன்று வருவதைக் கண்டாய். பிறந்த ஊரில் ஆவாரை, வேலை பார்த்த மலையில் சந்தனம். துளிர்க்காத மரத்தை நீ பார்த்ததே இல்லை. பார்க்காததற்குச் சாட்சியாக அப்பா எழுதின காகிதம் வேறு கையில். உனக்கு மாற்றல் வந்த செய்தி கேட்டு, மிச்சமிருக்கும் அந்தக் கடலோரக் கூறுக்கு இப்போது மனுப் போட்டிருக்கும் சாயபு லட்டோடு வந்தாரே, அன்று "நம்ம பையன் சுத்தி புடிச்சா இந்தத் தபா மனு தட்டாம போய்டும்" என்று அவர் சொன்னபோது நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். "இன்னாய்யா மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்று உன் அம்மா கேட்டாள். வெயில் என்றேன். அன்றே உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பதினாறு நாள் நீ வீட்டில் இருந்தாய். பதினாறு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். உன் கண்ணில் என் மதிப்பு இறங்குவதைப் பார்க்கப் பயந்தேன். அந்தப் பயம் அற்பமானது, இப்போது இருக்கும் பயத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நேற்று மத்தியானம் சாயபுவின் ஷாப்புக்குப் போனேன். அவர் தொட்டி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தோலைத் திருப்பிப் போடும் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். "வா தோஸ்து, பையன் போய்ச் சேர்ந்தானா?" என்றார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காத்தாயி சொன்னது, நான் விட்டது, கட்டைகள், ஒன்பது பேர். அவர் ஆட்களை வெளியே அனுப்பினார்.

"இத்தினி வருஷம் கழிச்சு வந்து சொல்றியே, நீ மனுசனா?" என்றார்.

"தப்புதான் சாயபு."

"உன் தப்பை நீ வச்சுக்க. அந்தப் பொண்ணு சொன்னதை அன்னிக்கே தோணியில என்னைத் தட்டி எழுப்பிச் சொல்லியிருந்தா நான் உள்ளார இருக்கிற கூறைக் கேட்டிருப்பேனே. எனக்குத் தெரியாமலே என்னை இதுல கூட்டு சேர்த்துட்டியே. அஞ்சு வேளை தொழுறேன். இன்னான்னு கேப்பேன் நான் அல்லாகிட்ட?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு மேலும் பேசினார். "ஆவாரை இப்பவும் கம்மிதான். எங்கிட்ட நூறு பேரு சோறு துன்றான். நீ சொன்னேன்னு மனுவை வாபஸ் வாங்க மாட்டேன். நீ சொல்றதை ஒருதபா நம்பினதே போதும். உன் பையன் போய்ப் பார்க்கட்டும். பார்த்துட்டு வேணாம்னு எழுதினா நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஆனா அவனுக்கு மேல இருக்கிறவன் சும்மா இருப்பானா? அப்பன் ஒண்ணு எழுதுறான், புள்ள ஒண்ணு எழுதுறான்னு அவன் வேலைக்கே வேட்டு வச்சிடுவான். அதுக்கு நீ பயப்படலியா?"

"பயமாத்தான் இருக்குது" என்றேன்.

"இருக்கணும்" என்றார். நான் வெளியே வரும்போது அவர் எழுந்திருக்கவில்லை.

வழியெல்லாம் அவர் சொன்னதை யோசித்துக்கொண்டே வந்தேன். அச்சில் வந்த ஒன்று பைலில் இருக்கும்போது, ஒரு புது ரேஞ்சர் கையால் எழுதும் குறிப்பு அதன்முன் நிற்காது. அச்சை அச்சுதான் மறுக்க முடியும். ஆகவே இந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பப் போகிறேன். அந்தப் பழைய கட்டுரையைப் போட்ட அதே பத்திரிகை. உன் பெயரோ, சாயபுவின் உண்மைப் பெயரோ, அந்த இடத்தின் பெயரோ அதில் வராது. என் பெயர் வரும். முப்பது வருஷம் நான் எழுதியதில் இன்னும் எதெல்லாம் இப்படி என்று வாசகர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அச்சில் வந்ததும் அந்தப் பக்கத்தை வெட்டி, என் பழைய கட்டுரையின் மேல் வைத்துக் கட்டு. அதன் கீழே நீ கண்டதை உன் கையெழுத்தோடு எழுது. உன் வேலைக்கு அதனால் ஆபத்து வரலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்கிறேன். இதற்காக நீ என்மேல் கோபப்படுவது நியாயம்.

ஆனால் நான் எழுதினேன் என்பதற்காக மறுக்காதே. நான் எழுதினேன் என்று நம்பித்தான் ஒரு தடவை எல்லாம் போயிற்று. கடல்நீர் வடியும் வற்றத்தில் போ. தோணியை முன்வரிசையோடு நிறுத்திவிடாமல் இறங்கி உள்ளே நட. சேறு முழங்கால்வரை வாங்கும், கையில் கழி வைத்துக்கொள், தனியாகப் போகாதே. தண்ணீர் திரும்ப ஏறும் நேரத்தைக் குப்பத்து ஆட்களிடம் கேட்டுக்கொண்டு போ. பைலில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பாதே. பழைய கூறில் கன்று ஏதாவது தானாக முளைத்திருக்கிறதா என்று பார். காய் உதிரும் பருவத்தில் பக்கத்துக் கூறிலிருந்து பொறுக்கி அந்தச் சேற்றில் நட முடியுமானால், அதற்கு ஆள் கேட்டு மனுப் போடு. சாயபுவுக்கு உள்கூறுகளில் எவ்வளவு பட்டை கிடைக்கும் என்றும் பார்த்து எழுது. அவருடைய நூறு பேரும் சாப்பிட வேண்டும். முத்திரை போடும் நாளுக்கு முன் இதையெல்லாம் செய்ய உனக்கு ஒரு மாதம் இருக்கிறது. புயல் பருவத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கிறது. உன் குடியிருப்பு இன்னும் வெட்டாத அந்த இரண்டாவது கூறுக்குப் பின்னால்தான் என்று நீ சொன்னதிலிருந்து நான் தினமும் மேகத்தைப் பார்க்கிறேன். இங்கே ஆம்பூரில் உட்கார்ந்து பார்த்து என்ன ஆகப் போகிறது என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே காத்தாயியைத் தேடு. நான் யார் என்பதையும், நீ என் மகன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு, மறைத்துப் பேசாதே. அவள் கதவைச் சாத்தினால் வெளியே நில். பேசினால் கேள். முழுவதையும் கேட்டு எழுதி எனக்கு அனுப்பு. என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை குறைக்காதே. அவள் இப்போது இல்லை என்று யாராவது சொன்னால், எந்த வருஷம், எப்படி என்று கேட்டு அதையும் எழுது.

உன் அப்பா